நெல் இலைக்குள் பாக்டீரியா நுழையும் வழிகள்: இலைக்கருகல் நோய் தரும் பாடம்

நெல் உற்பத்தியைப் பெருக்கும் திட்டங்களில் விதை, நீர், உரம் ஆகிய மூன்றுக்கும் கிடைக்கும் கவனம் பயிர் நோய்களுக்குக் கிடைப்பதில்லை. நோய் வயலில் தோன்றிய பின்னரே மருந்து தேடப்படுகிறது. பூசணங்களால் வரும் நோய்கள் சிலவற்றில் இவ்வாறு காலந்தாழ்த்திச் செய்யும் மருந்தடிப்பும் ஓரளவு பயன் தரக்கூடும். பாக்டீரியாக்களால் வரும் நோய்களில் அத்தகைய வாய்ப்பு மிகக் குறைவு. இலையினுள் குடிபுகுந்துவிட்ட பாக்டீரியாவை அங்கிருந்து அகற்றும் மருந்து உழவர் கையில் இல்லை. எனவே அது எவ்வழியே உள்ளே புகுகிறது என்பதை அறிவதே தடுப்பு முறைகள் அனைத்துக்கும் அடிப்படையாகிறது. நெற்பயிரைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நோயின் வரலாறு

இந்நோயை முதன்முதலில் கவனித்தவர்கள் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி உழவர்கள். அது 1884ஆம் ஆண்டு. இலை நுனிகளில் காலையில் காணப்படும் கலங்கிய நீர்த்துளிகளுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்பது பின்னர் புலனாயிற்று. நோயை விளைவிப்பது ஒரு பாக்டீரியா என்பதும் உறுதிப்பட்டது. இன்று அதற்கு வழங்கும் அறிவியற் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. சாந்தோ என்னும் கிரேக்கச் சொல் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும். வளர்ப்பு ஊடகத்தில் இப்பாக்டீரியாவின் கூட்டங்கள் மஞ்சளாகத் தோன்றுவதால் இப்பெயர் அமைந்தது.

இந்தியாவில் இந்நோய் 1950களில் மகாராஷ்டிரப் பகுதியில் பதிவு செய்யப்பட்டது. எனினும் 1963ஆம் ஆண்டில் பீகாரின் அன்றைய ஷாகாபாத் மாவட்டத்தில், சோன் ஆற்றுக் கால்வாய்ப் பாசனப் பகுதியில், அது பெருவாரியாகப் பரவிய போதுதான் நாட்டின் கவனம் அதன்பால் திரும்பியது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில், உயர்விளைச்சல் திட்டத்தின் முதற்கட்டமாகத் தைச்சுங் நேட்டிவ்-1, ஐ.ஆர்.8 ஆகிய குட்டை இரகங்கள் நாட்டில் பரவின. இவை தழைச்சத்தை நன்கு ஏற்று, சாயாமல் நின்று, மிகுந்த மகசூல் தந்தன. ஆனால் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாயின. 1979, 1980ஆம் ஆண்டுகளில் பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் நோய் கொள்ளையாகப் பரவியது. நாட்டின் நெல் கொள்முதலுக்கு முதன்மையான பகுதிகளே தாக்கப்பட்டதால், இது ஒரு பயிர் நோய் என்ற நிலையைக் கடந்து உணவு நிர்வாகத்தின் கவலையாகவும் ஆயிற்று.

இலையின் காப்பு

இலையின் புறத்தே மெழுகு கலந்த கியூட்டிகிள் என்னும் படலம் போர்த்தப்பட்டுள்ளது. அதன் கீழே நெருக்கமாக அமைந்த புறத்தோல் உயிரணுக்கள் உள்ளன. நெல்லின் குலை நோயை உண்டாக்கும் பூசணம் இக்காப்பை வலிந்து துளைக்கும் ஆற்றல் பெற்றது. இலைமீது ஒட்டிக்கொண்டு, தன்னுள் பெரும் அழுத்தத்தை உருவாக்கி, ஊசி போன்ற உறுப்பினால் புறத்தோலைக் குத்தி உள்ளே செல்கிறது.

பாக்டீரியாவுக்கு அத்தகைய உறுப்பு எதுவும் இல்லை. இலைக்கருகல் பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோமீட்டர்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறு முதல் ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக அடுக்கலாம். அதன் ஒரு முனையில் உள்ள கசை இழையின் துணையால் நீரில் நீந்த மட்டுமே அதனால் இயலும். ஆகவே, திறந்திருக்கும் வாயில் ஒன்றை நாடுவதன்றி அதற்கு வேறு வழியில்லை. அவ்வாயிலை அடைவதற்கு இலைமீது நீர்ப்படலமும் தேவை. மழை, பனி, ஈரக்காற்று நிலவும் காலங்களில் பாக்டீரியா நோய்கள் மிகுவதன் காரணம் இதுவே.

இலையில் அமைந்துள்ள வாயில்கள் மூன்று வகைப்படும். முதலாவது, காற்றுப் பரிமாற்றத்துக்கான இலைத்துளை. இரண்டாவது, மிகை நீர் வெளியேறும் நீர்க்கசிவுத் துளை. மூன்றாவது, காயம்.

இலைத்துளையும் அதன் காவலும்

இலைத்துளைகள் கரியமில வாயுவை உள்ளே விடவும் நீராவியை வெளியேற்றவும் அமைந்தவை. இவற்றின் இருபுறமும் உள்ள காப்பு உயிரணுக்கள் விரிந்தும் சுருங்கியும் துளையைத் திறந்து மூடுகின்றன. பாக்டீரியாக்கள் இத்துளைகளின் வழியே தடையின்றிப் புகுந்துவிடுவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் இக்கருத்தை மாற்றின. அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் இலைமீது பாக்டீரியா படிந்தவுடன், காப்பு உயிரணுக்கள் அதனை உணர்ந்து ஓரிரு மணி நேரத்துக்குள் துளைகளை மூடிக்கொள்வதை அவர்கள் கண்டனர். நோய் விளைவிக்கும் சில பாக்டீரியாக்கள் இதற்கும் மாற்று வைத்திருந்தன. அவை கொரோனடின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, மூடிய துளைகளை மீண்டும் திறக்கச் செய்தன. இலைத்துளை என்பது காவலற்ற வாயில் அன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நெல்லில் இலைத்துளையின் வழியே புகுவது, இலைக்கருகல் பாக்டீரியாவின் நெருங்கிய உறவினமான மற்றொரு வகை. அது உண்டாக்குவது பாக்டீரியா இலைக்கீற்று நோய். அது இலையின் இடைத்திசுவில், நரம்புகளுக்கு இடையே தங்கி, மெல்லிய கோடுகளாகக் கருகலை ஏற்படுத்துகிறது. இரு பாக்டீரியாக்களும் உருவிலும் மரபிலும் பெரிதும் ஒத்தவை. ஆயினும் நுழையும் வாயில் வேறு, குடியேறும் இடம் வேறு. ஆதலால் விளையும் நோயும் வேறாகிறது.

மூடாத துளை

இலைக்கருகல் பாக்டீரியா நாடுவது நீர்க்கசிவுத் துளையை. ஹைடதோடு என்று தாவரவியல் குறிப்பிடும் இத்துளைகள் நெல் இலையின் விளிம்பை ஒட்டியும் நுனியை நோக்கியும் அமைந்துள்ளன. இரவில் நீராவிப் போக்கு குறைந்திருக்கையில், வேர்கள் உறிஞ்சும் நீர் மிகையாகி இத்துளைகளின் வழியே கசிகிறது. அதிகாலையில் நெல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் முத்துப்போல் நிற்கும் நீர்த்துளிகளில் பெரும்பாலானவை பனித்துளிகள் அல்ல, பயிரிலிருந்தே கசிந்தவை.

இத்துளைக்கும் இலைத்துளைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. இலைத்துளையைப் போல இதனை இறுக மூடிக்கொள்ளப் பயிரால் இயலாது. மேலும், இதன் பின்னே உள்ள மென்மையான திசு, நீரைக் கொண்டுசெல்லும் சைலக் குழாய்களோடு நேரே தொடர்பு கொண்டது. கசிந்த துளியில் பாக்டீரியா சேர்ந்துவிட்டால், துளையை நீந்திக் கடந்து, அம்மென்திசுவில் பெருகி, சைலக் குழாயை அடைகிறது. முட்டைக்கோசைத் தாக்கும் கருமை அழுகல் நோயின் பாக்டீரியாவும் இவ்வழியையே பின்பற்றுகிறது. இவ்விரு நோய்களிலும் கருகல் இலையின் விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் பரவுவதற்குக் காரணம், நுழைவாயில் விளிம்பில் இருப்பதே ஆகும்.

காயத்தின் வழி

மூன்றாவது வாயிலான காயம் இயற்கையாலும் நேரும். மனிதர் செயலாலும் நேரும். பலத்த காற்றில் இலைகள் ஒன்றோடொன்று உராய்வதால் நுண்ணிய கீறல்கள் உண்டாகின்றன. புயலுக்கும் பெருமழைக்கும் பிறகு நோய் திடீரெனப் பரவுவது இதனாலேயே. நாற்றைப் பறிக்கும்போது வேர்கள் அறுபடுகின்றன. நாற்று முடிகளைத் தேங்கிய நீரில் வைக்கும்போது, ஒரு நாற்றின் பாக்டீரியா பல நாற்றுகளின் அறுந்த வேர்களைச் சென்றடைய வாய்ப்பு ஏற்படுகிறது.

இவை அனைத்தையும்விடக் கேடு மிகுந்தது நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கம். வயது முதிர்ந்து உயர்ந்துவிட்ட நாற்றுகள் நட்டவுடன் சாய்ந்துவிடும் என்பதால், நுனியை அரிவாளால் அறுத்து நடுவது பல பகுதிகளில் காணப்படுகிறது. இவ்வாறு அறுக்கும்போது சைலக் குழாய்களே திறந்து விடப்படுகின்றன. நீர்க்கசிவுத் துளையின் வழியே சிறுகச் சிறுகச் செல்லவேண்டிய பாக்டீரியா, இங்கு நேரே குழாயினுள் இறங்குகிறது. ஆய்வுக்கூடங்களில் ஓர் இரகத்தின் எதிர்ப்புத் திறனைச் சோதிக்க, பாக்டீரியாக் கரைசலில் தோய்த்த கத்தரிக்கோலால் இலை நுனியை வெட்டுவதே வழக்கமான முறை. ஆய்வாளர் நோயை உண்டாக்கக் கையாளும் முறையும், நடவு வயலில் அறியாமல் கையாளப்படும் முறையும் ஏறத்தாழ ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வழக்கத்தின் தீமை விளங்கும்.

உள்ளே நிகழ்வது

சைலக் குழாய்களில் ஓடுவது பெரும்பாலும் நீரும் தாது உப்புகளுமே. பாக்டீரியா பெருகத் தேவையான சர்க்கரை அங்கே மிகக் குறைவு. இக்குறையை அது பயிரைக் கொண்டே நிறைவு செய்துகொள்கிறது. ஊசி போன்ற அமைப்பின் வழியே சில புரதங்களைப் பயிரின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அப்புரதங்கள் உயிரணுவின் உட்கருவை அடைந்து, ஸ்வீட் எனப் பெயரிடப்பட்ட மரபணுக்களைத் தூண்டிவிடுகின்றன. இம்மரபணுக்கள் சர்க்கரையை உயிரணுவிலிருந்து வெளியே அனுப்பும் புரதங்களை உருவாக்குபவை. பயிர் தானே சர்க்கரையை வெளியேற்ற, அதனை உண்டு பாக்டீரியா பல்கிப் பெருகுகிறது. அது சுரக்கும் பசைப்பொருள் குழாய்களை அடைக்க, இலை நுனியிலிருந்து உலரத் தொடங்குகிறது.

முதலில் இலை விளிம்பில் நீர் கோத்தது போன்ற கோடுகள் தோன்றும். பின் அவை அலையலையான ஓரத்துடன் மஞ்சளாகி, வைக்கோல் நிறமடையும். காலையில் அவ்விலைகளில் காணப்படும் பால்போன்ற துளிகள் காய்ந்து, சிறு மஞ்சள் மணிகளாக ஒட்டியிருக்கும். மழைத் தெறிப்பும் பாசன நீரும் இவற்றை அடுத்த பயிருக்குக் கொண்டு செல்கின்றன. நட்ட சில வாரங்களில் இளம்பயிர் முழுவதும் வாடி மடிவதும் உண்டு. இந்நிலைக்குக் கிரெசெக் என்ற ஜாவா மொழிப் பெயர் வழங்குகிறது. நோய்க்கு எளிதில் ஆட்படும் இரகமும் சாதகமான சூழலும் இணைந்தால் மகசூல் இழப்பு 70 விழுக்காடு வரை செல்லக்கூடும். கதிர் உருவாகும் பருவத்தில் தாக்குமானால் இழப்பு குறையலாம். ஆனால் மணிகள் முழுமையாக முற்றாமல் அரவையில் உடையும்.

களத்தில் கண்டறிதல்

விரிவாக்க அலுவலர் கருவிகள் ஏதுமின்றி இந்நோயை உறுதிசெய்யலாம். கருகலும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இலையைத் துண்டித்து, தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரில் படுமாறு வைக்கவேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து மஞ்சள் கலந்த வெண்ணிற இழை போன்ற கசிவு நீரில் இறங்குமானால், அது பாக்டீரியா நோயே. சத்துக் குறைவால் வரும் மஞ்சளிப்பிலோ பூசண நோயிலோ இக்கசிவு இராது.

கிரெசெக் நிலையைத் தண்டுத் துளைப்பானின் தாக்குதலாகக் கருதிவிடுதலும் நேர்கிறது. துளைப்பான் தாக்கிய பயிரில் நடுக்குருத்து இழுத்தவுடன் எளிதில் கையோடு வரும். அடியில் புழு கடித்த அடையாளம் இருக்கும். கிரெசெக் தாக்கிய பயிரின் அடிப்பகுதியை விரல்களால் அழுத்தினால் மஞ்சள் நிறக் கசிவு வெளிப்படும். இவ்வேறுபாட்டை அறியாமல் பூச்சிமருந்து பரிந்துரைக்கப்பட்டால், உழவருக்கு மருந்துச் செலவும் வீணாகிறது, பயிரும் மிஞ்சுவதில்லை.

மருந்தின் எல்லை

தாமிரம் கலந்த மருந்துகள் இலையின் மேற்பரப்பில் உள்ள பாக்டீரியாவைக் கொல்லும். குழாயினுள் இருப்பதை அவை எட்டுவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் அடங்கிய கலவையைத் தெளிப்பதும் நெடுங்காலமாகப் பரிந்துரையில் இருந்து வந்தது. வெப்பமண்டலச் சூழலில் மழையும் வெயிலும் அதன் பயனைக் குறைக்கின்றன. அதனினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. 1940களில் காசநோய்க்கு மருந்தாகக் கிடைத்த அதே ஸ்ட்ரெப்டோமைசின் வயல்வெளிகளில் தெளிக்கப்படும்போது, அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் தோன்ற இடமுண்டாகிறது. ஒரு வயலின் மகசூலைக் காக்கும் முயற்சியின் செலவைப் பொதுச் சுகாதாரம் ஏற்க நேரிடுகிறது. இதனைக் கருத்திற்கொண்டே வேளாண்மையில் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் ஆகியவற்றை விலக்குவதற்கான வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது.

விதையில் அமைந்த பாதுகாப்பு

வாயிலை மூட இயலாதபோது, உள்ளே வந்ததை அடக்கும் ஆற்றல் பயிருக்குள்ளேயே இருக்கவேண்டும். தமிழ்நாட்டின் டி.கே.எம்.6 இரகத்திலிருந்து பெறப்பட்ட எக்ஸ்ஏ-4 என்னும் மரபணு, ஐ.ஆர்.20 முதலிய இரகங்களின் வழியே ஆசியா எங்கும் பரவியது. ஆனால் ஒரே மரபணு பரந்த நிலப்பரப்பில் நின்றபோது, அதனை வெல்லும் பாக்டீரிய வகைகள் தோன்றின. தனியொரு பூட்டை நம்புதல் தகாது என்பதை இவ்வனுபவம் உணர்த்தியது.

ஆப்பிரிக்கக் காட்டு நெல்லான ஒரைசா லாஞ்சிஸ்டமினேட்டாவிலிருந்து எக்ஸ்ஏ-21 கிடைத்தது. 1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பமேலா ரோனால்டு குழுவினர் இம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். இது உயிரணுவின் மேற்பரப்பில் நின்று பாக்டீரியாவின் வருகையை உணரும் புரதத்தைத் தருகிறது. எக்ஸ்ஏ-13 வேறு வகையில் செயற்படுகிறது. அது ஸ்வீட் மரபணு ஒன்றின் மாற்றுவடிவம்; பாக்டீரியாவின் புரதம் பற்றிக்கொள்ளும் இடம் அதில் இல்லாததால் சர்க்கரை கிடைப்பதில்லை. எக்ஸ்ஏ-5 இருக்கும் பயிரில், மரபணுக்களை இயக்கப் பாக்டீரியாப் புரதம் துணைகொள்ளும் பயிர்ப் புரதமே சிறிது மாறியிருக்கிறது.

இம்மூன்று மரபணுக்களையும் ஒருங்கே சேர்த்து, ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி இயக்ககமும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இணைந்து மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி இரகத்தை உருவாக்கின. அது 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இரு மரபணுக்களைச் சேர்த்த மேம்படுத்தப்பட்ட பூசா பாசுமதி-1 இரகத்தை 2007இலும், பின்னர் குலை நோய் எதிர்ப்பும் இணைந்த பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகியவற்றை 2021இலும் அளித்தது. இவை மரபணுவைப் புறத்தேயிருந்து புகுத்திய இரகங்கள் அல்ல. ஒட்டுச் சேர்க்கையாலும் மரபுக் குறியீட்டுத் தேர்வாலும் உருவானவை. கலப்பின விதைகள் அல்லவாதலால், உழவர் தம் விளைச்சலிலிருந்தே விதையை எடுத்துவைக்கலாம். மருந்தின் செலவு பருவந்தோறும் வருவது. இப்பாதுகாப்பின் செலவோ ஒருமுறை விதை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. நோயை அடக்கிய வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நோய்க்கிருமி செல்வதும் குறைவதால், பயன் ஒருவரோடு நிற்பதில்லை.

முரண்படும் இரு பரிந்துரைகள்

தண்டுத் துளைப்பான் தன் முட்டைக் குவியலை இலை நுனியருகே இடுவதால், நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடவேண்டும் என்பது பூச்சிக் கட்டுப்பாட்டுப் பரிந்துரை. நுனியைக் கிள்ளலாகாது என்பது இலைக்கருகல் நோய்க்கான பரிந்துரை. இரண்டும் ஒரே கையேட்டின் இருவேறு பக்கங்களில் இடம்பெறக் காணலாம். இரண்டையும் கேட்கும் உழவர் எதனைப் பின்பற்றுவது?

நுழைவாயிலைப் பற்றிய அறிவு இங்குதான் முடிவுக்குத் துணைபுரிகிறது. நோய் வழக்கமாகத் தோன்றும் பகுதியில், எதிர்ப்புத் திறன் இல்லாத இரகம் பயிரிடப்படுமானால், கிள்ளுதல் கூடாது. முட்டைக் குவியல்களை நாற்றங்காலிலேயே கையால் பொறுக்கி அழிக்கலாம். இலைக்கருகல் காணப்படாத பகுதியிலோ எதிர்ப்பு இரகத்திலோ, துளைப்பானின் தொல்லை மிகுந்திருந்தால், கிள்ளுவதன் கேடு சிறிது. இரகமும் இடமும் அறியாது இரண்டில் ஒன்றை எங்கும் வற்புறுத்துவது பொருந்தாது.

நிர்வாகத்தின் பங்கு

முதிர்ந்த நாற்று ஏன் நடப்படுகிறது என்பதையும் ஆராயவேண்டும். இரகத்தின் வயது எத்தனை மாதமோ அத்தனை வாரம் நாற்றின் வயது என்பது பொதுக்கணக்கு. கால்வாயில் நீர் வரத் தாமதமாகும்போது இக்கணக்குத் தவறுகிறது. நாற்று உயர்கிறது, நுனி அறுக்கப்படுகிறது, வாயில் திறக்கிறது. மதகு திறக்கும் நாளுக்கும் இலை கருகுவதற்கும் இவ்வாறு தொடர்பு ஏற்படுகிறது. வயலுக்கு வயல் நீர் பாய்வதும் நோய்க்கிருமி பரவத் துணையாகிறது; தனித்தனி வாய்க்கால் வசதி அதனைக் குறைக்கும்.

உரத்துக்கும் இதில் பங்குண்டு. மிகையான தழைச்சத்து இந்நோயை வளர்க்கிறது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது யூரியா அதற்குப் புறம்பாக வைக்கப்பட்டது. அதன்பின் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை உயர, யூரியா ஒப்பளவில் மலிவாகவே நின்றது. மலிவானதை மிகுதியாக இடுவது இயல்பு. ஆதலால் உர விலைக் கொள்கையைப் பயிர்ப் பாதுகாப்பிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. யூரியாவைப் பிரித்து இடுதல், நோய் கண்டவுடன் மேலுரத்தை நிறுத்துதல், வயல் நீரை வடித்தல் ஆகியவை செலவின்றிச் செய்யத்தக்கவை.

எதிர்ப்பு இரகங்கள் வெளியிடப்பட்டமை மட்டும் போதாது. அவற்றின் ஆதார விதையும் சான்று விதையும், நோய் மிகுந்த மாவட்டங்களை முன்னிறுத்தி, போதிய அளவில் பெருக்கப்படவேண்டும். எக்ஸ்ஏ-21 தனித்து நிற்குமிடத்து அதனை வெல்லும் பாக்டீரிய வகைகள் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே ஒரே மரபணுவை நம்பாமல், பலவற்றைச் சேர்த்த இரகங்களையே பரப்புவதும், நோய்க்கிருமியின் மாற்றங்களை ஆண்டுதோறும் கண்காணிப்பதும் இன்றியமையாதன.

இலையின் விளிம்பில் உள்ள துளை கண்ணுக்குப் புலப்படாத அளவினது. அதனை மூட எவராலும் இயலாது. ஆனால் அரிவாளால் புதிய வாயில்களைத் திறவாமல் இருப்பதும், உரிய காலத்தில் நீரும் உரிய இரகத்தின் விதையும் கிடைக்கச் செய்வதும் மனிதர் கையில் உள்ளவை. இலைக்கருகல் நோயின் தடுப்பு, மருந்துக் கடையில் அன்று, நாற்றங்காலிலும் விதைப் பண்ணையிலும் பாசன அலுவலகத்திலும் தொடங்குகிறது.